வாசலோடு திரும்பியவன்

அத்தியாயம் 6

பதினொரு தடவை வந்தவன் ஒரு தடவைகூட உள்ளே நுழையவில்லை.

நல்லசாமி அச்சடித்த தாள்களை மேசை முழுக்க விரித்து, மரஸ்கேலை ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரு வரிக்கு நான்கு விஷயம். வந்த நேரம், வந்தவனின் எண், அவன் கேட்ட பொருள், அவனுக்குக் கொடுத்த அளவு. இருபத்திரண்டு வருடம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து பெயர்ப்பட்டியல் எழுதியவருக்கு இப்படிப்பட்ட தாள் புதிதல்ல. அந்தத் தோட்டம் விற்கப்பட்ட பிறகு சிரம்பானை ஒட்டிய ராசாவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் விசாரணை நிலையம் திறந்தார். பலகையில் 'துப்பறிவாளர்' என்று எழுதியிருந்தது. ஆனாலும் எல்லாரும் அவரைக் கிராணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"யாரு லா இவன்?" அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள் ராக்கம்மா. "ஒம்பது மாசத்துல பதினொரு தடவ வந்திருக்கான். நம்ம ஆபீசுக்கு மொத்தமா வந்த ஆளுங்களே ஒம்பது பேருதான்."

ராக்கம்மா அவருடைய உதவியாளர். செனாவாங் தொழிற்சாலையில் பத்து வருடம் கம்ப்யூட்டர் சில்லுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவள். போன வருடம் ஆட்குறைப்பில் வெளியே வந்தாள். கம்பெனி வேலையை எடுத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தனுப்பியது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த தங்கராஜு சிரிக்கவில்லை. பாரோயில் லாரி ஓட்டுபவன், வயது இருபத்தெட்டு. அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவன் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட அக்காவை அவன் அம்மா பஞ்சாலை சாவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. இரண்டு மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது மூன்று வாரத்துக்கு முன்பு.

"திரும்ப ஒரு தடவ சொல்லு தம்பி. எதையும் விடாத" என்றார் நல்லசாமி.

"எழுபதாம் வருசம் கிராணி ஐயா. அப்பாவுக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்ல. வேல பெர்மிட் கிடைக்கல. அம்மாவுக்கு நீலம், குடியுரிமை உண்டு. அக்கா செல்லம்மாவுக்குப் பொறப்புப் பத்திரமே எடுக்கல. அதனால அப்பாவோட கப்பல்ல அவரு ஊருக்குப் போச்சு. அப்ப எட்டு வயசு. நான் அம்மா வயித்துல. ஆறு மாசத்துல கூப்புட்டுக்கிறேன்னு சொன்னாராம். ரெண்டு வருசத்துல கடுதாசி நின்னு போச்சு."

"இந்தத் தாளு?"

"எங்க புக்கிட் தும்பார் தோட்டத்த வித்தாங்கள்ல, கோல்ப் மைதானம் கட்ட? அப்ப சிரம்பான் துணிக்கடைக்காரரு மவன் விசுவநாதன் வந்தாரு. கம்ப்யூட்டர் படிச்சவரு. நூத்திப் பன்னண்டு குடும்பத்தையும் படம் எடுத்து, குரல் பதிஞ்சு, இணையத்துல போட்டாரு. 'உலகத்துல எங்கேர்ந்து தேடுனாலும் கிடைக்கும் ஆயா'ன்னு எங்கம்மாகிட்ட சொன்னாரு. ஒம்பது மாசம் ஆச்சு. சாயங்காலம் நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா அம்மா கேக்குற மொத வார்த்தை, யாராச்சும் கூப்புட்டாங்களான்னுதான்."

"நீ தேடிப் பாத்தியா?"

"எங்க லாரிக் கம்பெனி ஆபீசுல தேட வச்சேன். அம்மா பேரப் போட்டா ஒண்ணும் இல்ல. தோட்டத்துப் பேரப் போட்டா கோல்ப் கம்பெனி மட்டும்தான் வருது. யாரோ மறைக்கிறாங்க ஐயா. கோல்ப் கம்பெனிதான் ஆள் வச்சு வேவு பாக்குது. அதான் விசுவநாதன்கிட்ட சண்ட போட்டு, அந்த இணையப் பக்கத்துக்கு யாரு யாரு வந்தாங்கங்குற இந்தத் தாள வாங்கியாந்தேன்."

நல்லசாமி ஸ்கேலை நிறுத்தினார்.

"வேவு பாக்குறவன் உள்ள வந்து பாப்பான் தம்பி. இவன் மொத பக்கத்த மட்டும் வாங்கிட்டுத் திரும்பிப் போறான். படம் கேக்கல. குரல் கேக்கல. இன்னொரு கூத்து. ஒவ்வொரு தடவையும் மொதல்ல ஒரு காகிதத்தக் கேக்குறான். அது அங்க இல்லவே இல்ல. இல்லைன்னு சொன்னதும் மொத பக்கத்த எடுத்துக்கிட்டுப் போயிடுறான்."

"கேட்டு, இல்லைன்னா திரும்பிப் போற திருடனா?" என்றாள் ராக்கம்மா. "ரொம்ப மரியாதையான குடும்பத்துப் புள்ளபோல."

நல்லசாமி குடையை எடுத்தார். "மோட்டர் சைக்கிள எடு. அந்தத் துணிக்கடைச் செட்டியார் வீட்டுத் தம்பியப் பாக்கணும்."

*

மழைக்கு முந்தைய வெளிச்சத்தில் சிரம்பான் ஊரே தண்ணீருக்கடியில் கிடப்பது போல இருந்தது. விசுவநாதனின் அறை அவன் அப்பாவின் துணிக்கடைக்கு மேலே இருந்தது. புதுத்துணியின் கஞ்சி வாடை படியேறி அறைக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. அவனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். தூங்காத கண்கள்.

"கோல்ப் கம்பெனிக்காரன் உனக்கு என்னா குடுத்தான் தம்பி?" உட்காருவதற்கு முன்பே கேட்டாள் ராக்கம்மா.

அவன் முகம் சிவந்தது. கம்ப்யூட்டரைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தான்.

"மொதல்ல பாருங்க அக்கா. அப்பறம் திட்டுங்க."

தொலைபேசிக் கம்பி வழியே இணையம் கீச்சிட்டு இணைந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் ஒரு விடியல் பரவியது. ரப்பர் மரங்களுக்கு நடுவே மூடுபனி நகர்ந்தது. பனி விலக விலக லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தெரிந்தன. கோயில், தண்ணிக் குழாய், ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை. மௌஸை ஒரு வீட்டின் மேல் கொண்டுபோனால் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. தொட்டால் கதவு திறந்து, உள்ளே இருப்பவர்களின் முகமும் பெயரும் மிதந்து வந்தன.

ராக்கம்மா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவள் பிறந்ததும் இப்படி ஒரு லயத்தில்தான்.

"தோட்டத்துல யாருமே விலாசம் சொல்லும்போது பேரச் சொல்லல அங்கிள்" என்றான் விசுவநாதன். "ஆறாம் லயம் மூணாம் வீடு, ரெண்டாம் லயம் கடசி வீடு. அப்படித்தான் சொன்னாங்க. அதனால பேர்ப்பட்டியலே போடல. வீடாவே போட்டேன். தமிழ் எழுத்து மத்தவங்க கம்ப்யூட்டர்ல கோழி கிறுக்குன மாதிரி தெரியும், ஆளாளுக்கு வேற எழுத்துரு. அதனால எழுத்து எல்லாத்தையும் படமாவே வரைஞ்சேன். இத முடிக்க எட்டு மாசம் ஆச்சு."

ஆறாம் லயத்து மூன்றாம் வீட்டைத் தொட்டான். கதவு திறந்தது. குரல் வர நேரம் பிடித்தது. "இது கொஞ்சம் பெரிசு. ஒரு நிமிசம் பேசியிருக்காங்க. வந்து சேர லேட்டாகும்."

பஞ்சாலையின் குரல் வந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த பலாமரத்தைப் பற்றியும், ஒழுகின கூரையைப் பற்றியும், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் வாங்கிய ஏச்சைப் பற்றியும் சொன்னாள். பிறகு கொஞ்சம் மூச்சிழுப்பு. கடைசியாக, வாசலில் நின்று விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடும் அதே குரலில், "ஏ செல்லம்மா... இருட்டிக்கிட்டு வருது. வூட்டுக்கு வா."

விசுவநாதன் மௌஸிலிருந்து கையை எடுத்தான்.

"நான் யாருகிட்டயும் எதுவும் வாங்கல" என்றான் விசுவநாதன். "ஏன் கிடைக்க மாட்டேங்குதுன்னு எனக்கே தெரியல. தேடுபொறியில பேரு வரணும்னா அங்க பதியணும். மொத வாரமே பதிஞ்சேன்."

நல்லசாமி தாள்களை எடுத்தார். "இந்த ஆளப் பாரு தம்பி. ஒம்பது மாசமா வர்றான். இவ்வளவு அழகான தோட்டத்துல ஒரு படத்தக்கூடக் கேக்கல. அப்ப இவனுக்குக் கண்ணு கிடையாது. குரலக் கேக்கல, காது கிடையாது. ஒரு வீட்டத் தொடல, கையும் கிடையாது. ஆனா தவறாம வந்து, வாசல்ல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் எடுத்துக்கிட்டுப் போறான். கண்ணு காது கையில்லாம ஊர் ஊரா வந்து எழுதிக்கிட்டுப் போறவன் யாரு?"

"வருமான வரி ஆபீசரு" என்றாள் ராக்கம்மா.

"கிராணி" என்றார் நல்லசாமி. "பெரட்டுக்குப் பேரெழுத வர்ற கிராணி. விடியக்காலையில களத்துல நிப்பான். வரிசையில நிக்கிறவன் பேர எழுதுவான். வீட்டுக்குள்ள இருக்குறவன் கதவத் தட்ட மாட்டான். எழுதலன்னா அன்னிக்கு அவன் தோட்டத்துலயே இல்ல. நான் இருவத்திரண்டு வருசம் அதத்தான் பண்ணேன்."

விசுவநாதன் தாளை வாங்கி, அந்த இல்லாத காகிதத்தின் பெயரைப் பார்த்தான்.

"அங்கிள்... இது ஆளே இல்ல. தேடுபொறி அனுப்புற ரோபோ. உள்ள வரலாமான்னு கேக்குற காகிதம் இது. இதுதான் எல்லா ஊருக்கும் போயி பக்கங்களப் படிச்சுட்டு வந்து அட்டவணை எழுதும். நாம தேடும்போது அந்த அட்டவணையிலதான் தேடுறோம்."

"அவன் பாத்தத எனக்குக் காட்டு."

"புரியல."

"படத்த நிறுத்து. குரல நிறுத்து. ஆட்டம் அசைவு எல்லாத்தையும் நிறுத்து. கண்ணில்லாதவன் உன் வாசல்ல நின்னா அவனுக்கு என்னா கிடைக்கும்னு காட்டு."

விசுவநாதன் ஒவ்வொன்றாக அணைத்தான். பனி போனது. மரங்கள் போயின. லயங்கள், கோயில், குழாய், நூற்றுப் பன்னிரண்டு விளக்குகள், எல்லாம் போயின. சாம்பல் நிறத்தில் வெறும் திரை. நடுவில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி நின்றது.

ராக்கம்மா அதை மெல்லத் தமிழில் சொன்னாள். "மன்னிக்கவும். இந்தத் தோட்டத்தைக் காணும் வசதி உங்களிடம் இல்லை."

"நான்தான் எழுதுனேன்" என்றான் அவன். "பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்களுக்காக. ஒரு மரியாதைக்கு."

"இதையே தேடு" என்றார் நல்லசாமி.

"எத?"

"இந்த வரிய. பேர வேணாம், ஊர வேணாம். அவன் இதத்தான எடுத்துக்கிட்டுப் போனான்? அப்ப இதத்தான் எழுதி வச்சிருப்பான்."

ராக்கம்மாவே தட்டினாள். காத்திருந்தார்கள். முதல் வரியிலேயே வந்தது. ஒன்பது மாதமாக யாருக்கும் கிடைக்காத புக்கிட் தும்பார் தோட்டம், அந்த மன்னிப்பைத் தவிர வேறு ஒரு சொல்லும் இல்லாமல்.

"நூத்திப் பன்னண்டு குடும்பம்" என்றாள் ராக்கம்மா. "எல்லாருக்கும் சேத்து ஒரே பேரு வச்சிருக்கான் கிராணி. மன்னிக்கவும்."

கோல்ப் கம்பெனி இல்லை. வேவுக்காரன் இல்லை. எதிரி என்று கைகாட்ட ஒருவரும் இல்லை. எட்டு மாதம் தூங்காமல் ஓர் அழகான காரியத்தைச் செய்தவன் மட்டும் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குற்றவாளி என்று யாராவது ஒருவன் கையில் சிக்கியிருந்தால் பரவாயில்லை என்று நல்லசாமிக்குத் தோன்றியது.

"அழுவுறத அப்பறம் வச்சுக்கலாம் தம்பி" என்றார். "இவங்கள வரிசையில நிறுத்தணும். என்ன செய்யணும், சொல்லு."

*

இரண்டு பகல் வேலை. மூடுபனியையும் விளக்குகளையும் அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்குக் கீழே, அலங்காரம் இல்லாத சாதாரண எழுத்தில், நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தின் பெயர்களும் ஆங்கில எழுத்தில் ஏறின. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப்பக்கம், தனி முகவரி. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி, தொட்டுத் திறக்க வேண்டாத வழி. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அது யார் படம் என்று ஒரு சொல். ராக்கம்மா படிக்க, விசுவநாதன் தட்டினான்.

"இது அசிங்கமா இருக்கு அக்கா" என்றான் நடுவில்.

"வரிசையில நிக்கிறப்ப யாரு லா அழகா இருந்தது? உங்க கடைக்கு வர்ற பொம்பளைங்கதான் அழகு. பெரட்டுக்கு நாங்க தலைகூடச் சீவாமத்தான் போவோம்."

பஞ்சாலையின் பக்கத்தை நல்லசாமியே சொல்லி எழுத வைத்தார். 'பஞ்சாலை, ஆறாவது லயம், மூன்றாவது வீடு. மகள் செல்லம்மாவைத் தேடுகிறார். பாரோயில் மகன் தங்கராஜுவுடன் வாழ்கிறார். 9 பிப்ரவரி 1999.'

"தேதி எதுக்கு அங்கிள்?"

"தேதி இல்லாத பட்டியல் பட்டியலே இல்ல."

பிறகு தேடுபொறிக்கு மறுபடி பதிந்தார்கள். பதில் உடனே வந்தது. நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் ரோபோ வந்து பார்க்கும்.

லாரியை நிறுத்திவிட்டு வந்திருந்த தங்கராஜு, அம்மாவுக்கு மிச்சமிருக்கும் வாரங்களை விரல் மடக்கி எண்ணினான்.

"தெனம் ஒரு தடவ பதிஞ்சு விடவா?" என்றாள் ராக்கம்மா.

"தொந்தரவு பண்ணா சேக்கவே மாட்டாங்க அக்கா" என்றான் விசுவநாதன்.

"கண்ணு இல்ல, காது இல்ல. கோவம் மட்டும் இருக்கு."

மறுநாள் நல்லசாமி பாரோய்க்குப் போனார். பஞ்சாலை கூடத்துக் கட்டிலில் தலையணையை அணைத்துச் சாய்ந்திருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன. மகன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"ஏன் ஐயா, அவனுக்குக் கண்ணு தெரியாதாமே?"

"தெரியாதும்மா."

"காது?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் என்னாத்துக்கு நான் அம்மாம் நேரம் பேசுனேன்?" அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் ஆனது. "போவட்டும். இப்ப எம் பேரு வரிசையில இருக்குதா?"

"இருக்கு. ஆறாம் லயம், மூணாம் வீடு."

"முப்பத்தஞ்சு வருசம் மரம் சீவுனேன் ஐயா. ஒரு நாளு பெரட்டுக்கு லேட்டாப் போனது இல்ல. எந்தக் கிராணியும் என்னய விட்டுட்டு எழுதுனது இல்ல." சன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டு மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போகும் வரை பொறுத்திருந்து கேட்டாள். "கொஞ்சம் வெரசா வரச் சொல்லக் கூடாதா அவன?"

நல்லசாமி குடையின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அது காய்ந்திருந்தது.

*

பெயர் வரிசையில் ஏறிய முப்பத்தோராம் நாள் பஞ்சாலை இறந்தாள். மார்ச் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை.

விசுவநாதன் தயங்கித் தயங்கிக் கேட்டான், அந்தப் பக்கத்தில் 'வாழ்கிறார்' என்று இருப்பதை மாற்றட்டுமா என்று. தங்கராஜு வேண்டாமென்று தலையை அசைத்தான். "கருமாதி முடியட்டும். அது வரைக்கும் அம்மா வீட்டுலதான் இருக்காங்கன்னு சொல்லுவாங்க. பதினாறு கழிச்சு மாத்திக்கலாம்."

ரோபோ நாற்பதாம் நாள் வந்தது. தாளைக் கொண்டுவந்த ராக்கம்மாவிடம் கேலி எதுவும் இல்லை. "வந்துட்டான் கிராணி. இந்தத் தடவ எல்லா வீட்டுக் கதவுக்கும் போயிருக்கான். நூத்திப் பன்னண்டும். ஒண்ணு விடல."

நல்லசாமி ஸ்கேலை வைத்துப் பார்த்தார். ஆறாம் லயம் மூன்றாம் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடம். அவள் போய் ஒன்பது நாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தங்கராஜு மொட்டைத் தலையோடு நேராக ராசாவுக்கு வந்தான், கணக்கு முடித்துவிட்டுப் போகலாம் என்று. அவனுக்குப் பின்னாலேயே விசுவநாதன் படியேறி வந்தான். கையில் ஒரு தாள்.

"மெயில் வந்திருக்கு. காலையிலதான். திருச்சியிலேர்ந்து."

நல்லசாமி வாங்கிப் படித்தார். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

'நான் செல்லம்மா. இதை இன்டர்நெட் சென்டர்காரர் எனக்காக அடிக்கிறார். உலகத்தில் உள்ள எல்லாரும் இதில் இருப்பார்கள் என்று அவர் சொன்னதால் போன வருஷம் ஆறு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்து அம்மா பெயரைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. அம்மா இல்லை என்று முடிவு பண்ணி, போன ஆடி அமாவாசைக்குக் காவிரியில் என் வீட்டுக்காரர் எள்ளும் தண்ணியும் விட்டார். நேற்று மனசு கேட்காமல் மறுபடி தேடினேன். அம்மா பெயர் வந்தது. வாழ்கிறார் என்று இருக்கிறது. பிப்ரவரி தேதி போட்டிருக்கிறது. உயிரோடு இருந்தவளுக்கா எள்ளுத் தண்ணி விட்டோம்? உடனே பதில் போடுங்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.'

ராக்கம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

தங்கராஜு தாளை வாங்கி மடித்து நல்லசாமியிடமே கொடுத்தான். பிறகு, "கிராணி ஐயா, போன வருசமே செத்துட்டாங்கன்னு எழுதிடுங்க. ஆடிக்கு முந்தியே. அக்கா செஞ்சது சரின்னு ஆயிடும். ஒரு தடவ அழுதது போதும் அதுக்கு."

நல்லசாமி பேனாவை எடுத்தார். அவர் தொழிலில் பொய்யைக் கண்டுபிடித்திருக்கிறார், எழுதியதில்லை. இதை எழுதத் தயாராகத்தான் இருந்தார். பேனா காகிதத்தைத் தொடுவதற்கு முன் நின்றது.

"முடியாது தம்பி."

"ஏன் ஐயா?"

"பிப்ரவரியில உயிரோட இருந்தாங்கன்னு உங்க அக்கா படிச்சிருச்சு."

"அந்த வரிய அழிச்சிடலாமே? பழசு, தப்பா இருந்துச்சுன்னு..."

"நம்ம பக்கத்துல அழிக்கலாம்" என்றான் விசுவநாதன் மெதுவாக. "ஆனா அவன் எழுதிக்கிட்டுப் போனதுல இருக்கும். அடுத்த தடவ அவன் வர்ற வரைக்கும். அவங்க எப்பத் தேடுனாலும் அந்தத் தேதியோடதான் வரும்."

தங்கராஜு கோபமே இல்லாமல் கேட்டான். "தேதி போடாம இருந்திருக்கக் கூடாதா ஐயா?"

நல்லசாமிக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம் அது. தேதி வாயில் தானாக வந்திருந்தது.

நடந்ததை நடந்தபடியே நான்கு வரியில் எழுதினார். மார்ச் பன்னிரண்டு என்று எழுதும்போது மட்டும் எண்ணைச் சின்னதாக எழுதினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார். ஆறாம் லயம் மூன்றாம் வீட்டைத் தொட்டால் உங்கள் அம்மா பேசுவார்கள்.

*

செவ்வாய்க்கிழமை விசுவநாதன் புதுத் தாளோடு வந்தான்.

"இதுவும் ஒரே ஆள்தான் கிராணி" என்றாள் ராக்கம்மா. "ஒரே எண், திருச்சிப் பக்கத்து எண். வேற எந்த வீட்டுக்கும் போவல. படம்கூடக் கேக்கல. அந்தக் குரல மட்டும் கேட்டிருக்கு. பதினேழு தடவ."

நல்லசாமி ஸ்கேலை வைத்தார். பதினேழு வரியிலும் நான்காவது எண்ணை, கொடுத்த அளவை, படித்தார். ஒவ்வொன்றும் வேறாக இருந்தது. முழு அளவு எவ்வளவு என்று விசுவநாதனிடம் கேட்டு, பென்சிலால் ஓரத்தில் வகுத்துப் பார்த்தார்.

"எப்ப முடியும் தம்பி, அந்தப் பலாமரத்துப் பேச்சு?"

"பதினஞ்சாவது செகண்டு."

"கூரை?"

"முப்பது."

"அவ பேரச் சொல்லிக் கூப்புடுறது?"

"அம்பத்தஞ்சு. கடசியில." சொல்லி முடித்ததும் அவனுக்கே புரிந்தது.

"அங்க லைன் அறுந்து அறுந்து போவுது" என்றார் நல்லசாமி. "ஒரு தடவையும் முழுசாப் போய்ச் சேரல. அதிகமாப் போனது நாப்பது செகண்டு. மண்டோர் ஏசுனதோட நின்னுருக்கு. பதினேழு தடவ ஒழுகுன கூரையக் கேட்டிருக்கு அந்தப் பொண்ணு."

விசுவநாதன் ஓடினான். மாடிப்படியில் அவன் செருப்பு ஒன்று கழன்று கிடந்ததை ராக்கம்மா எடுத்து ஓரமாக வைத்தாள். துணிக்கடைக்கு மேலே போய் அவன் எல்லாவற்றையும் வெட்டினான். பலாமரம், கூரை, மண்டோர், எல்லாம். ஐந்து வினாடி மட்டும் மிச்சம் வைத்து, அதே வீட்டுக்குள், அதே இடத்தில் போட்டான்.

வியாழன் மத்தியானம் ராக்கம்மா ஒற்றைத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒரே எண்ணிலிருந்து ஒரே ஒரு வரி. பதினெட்டாவது.

நல்லசாமி விரலை வைத்து நான்காவது எண்ணைப் படித்தார். முழுசாக இருந்தது.

தாளைத் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து யாரும் வரவில்லை.

"தேடிப் பாத்தேன் கிராணி" என்றாள் ராக்கம்மா. "நம்ம பக்கத்துல மாத்தியும், அந்த ரோபோ அட்டவணையில இன்னிக்கும் வாழ்கிறார்னுதான் வருது. எப்ப மாத்துவானாம்?"

"அவன் மறுபடி வரணும்."

"எப்ப வருவானாம்?"

நல்லசாமி தாளை மடித்தார். மடிப்பதற்கு முன், மூலையில், அன்றைய தேதியை எழுதினார்.